தொம்மலூரின் கல்லும் காரையும்

பெங்களூரின் கிழக்குப் பகுதியில், பழைய விமான நிலையச் சாலையும் இன்னர் ரிங் ரோடும் சந்திக்கும் இடத்துக்கு அருகே தொம்மலூர்ச் சொக்கநாதசுவாமி கோயில் இருக்கிறது. கருவறையில் இருப்பவர் பெருமாள். கல்வெட்டுகள் அவரைச் சொக்கப்பெருமாள் என்கின்றன. ஊரின் பெயர் அவற்றில் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டினம் என்றும் வருகிறது. இந்த வட்டாரத்து எலகங்காவை இலைப்பாக்க நாடு என்று தமிழில் எழுதிய காலம் அது. இக்கல்வெட்டுகளை பி. எல். ரைஸ் 1905-இல் எபிகிராஃபியா கர்நாடிகாவின் 9-ஆம் தொகுதியில் பதிப்பித்தார். கோயில் பத்தாம் நூற்றாண்டுச் சோழர் பணி என்று பலரும் எழுதுகிறார்கள். ஆனால் உறுதியான ஆண்டுக் கணக்கைத் தருபவை 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளே. அங்கிருந்து தொடங்குவதே முறை.

அவற்றில் கட்டடத் தொழிலில் இருப்பவர் கவனிக்க வேண்டியது 1270-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. அழகியார் என்பவர் இரண்டு நிலைக்கால்களைக் கோயிலுக்குக் கொடுத்ததாக அது சொல்கிறது. நிலம் கொடுத்தவர்கள், விளக்குக்குப் பொன் கொடுத்தவர்கள் நிறைய உண்டு. வாசலின் இரு பக்கக் கற்களைக் கொடுத்ததாகத் தனியே வெட்டிவைப்பது குறைவு. நிலைக்கால் என்பது ஆள் உயரத்துக்கு மேல் ஒரே கல்லாக, விரிசலும் கரும்புள்ளியும் இல்லாமல் எடுக்க வேண்டிய உருப்படி. பாறையில் நல்ல பாகத்தைத் தேர்ந்து, பிளந்து, வண்டியில் ஏற்றி, ஊருக்குக் கொண்டுவந்து, நான்கு முகமும் சமமாகக் கொத்தி, தூக்குக்குண்டு பிடித்து நிறுத்தும் வரை பல கைகள் மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். இரண்டு நிலைக்கால்களின் செலவை ஒருவர் ஏற்பது சிறிய காரியம் அன்று. ஒரு கோயில் ஒரே அரசரின் ஒரே ஆணையில் எழுந்ததாக நினைப்பது வழக்கம். தொம்மலூரில் அது நிலையாக, நிலமாக, ஏரிப் பாசன வயலாகத் துண்டுதுண்டாகச் சேர்ந்தது என்பதற்கு இந்தக் கல்வெட்டு நேரடிச் சான்று. ஒய்சள வீர ராமநாதன் 1290-இல் இவ்வூர் வருவாயிலிருந்து பத்துப் பொன் கொடுத்ததும், வேறொருவர் மனைவியோடு சேர்ந்து விண்ணமங்கலம் ஏரி சார்ந்த நிலத்தைக் கொடுத்ததும், விசயநகரத்து இரண்டாம் தேவராயர் காலத்தில் தொம்பலூரைச் சுற்றிய வீடுகளும் கிணறுகளும் நிலங்களும் சொக்கப்பெருமாளுக்கு ஆனதும் அதே வரிசையில் வருகின்றன.

கல் இந்த ஊருக்கு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. பெங்களூர் நிற்பதே தீபகற்ப நைஸ் பாறையின் மேல். லால்பாக் குன்றில் அது வெளியே தெரிகிறது. சுமார் 300 கோடி ஆண்டு வயது உடைய அந்தப் பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1975-இல் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்தது. தொழிலில் எல்லாரும் இதைக் கிரானைட் என்றோ கருங்கல் என்றோதான் சொல்கிறார்கள். இந்தப் பாறைக்கு ஒரு குணம் உண்டு: மேற்பரப்புக்கு இணையாக ஏடு ஏடாகப் பிளந்து கொடுக்கும். அந்தக் குணத்தை நெருப்பால் பயன்படுத்திக்கொள்ளும் முறை பெங்களூரில் நெடுங்காலம் இருந்தது. காய்ந்த விறகைப் பாறையின் மேல் ஒரு கோடுபோல அடுக்கிக் கொளுத்துவார்கள். சூட்டில் மேல் ஏடு விரிந்து அடிப்பாறையிலிருந்து விடுபடும். சுத்தியால் தட்டிப் பார்த்து, ஓசை மாறிய பிறகு, எரியும் விறகைச் சில அங்குலம் முன்னே தள்ளுவார்கள். இப்படியே நகர்த்திக்கொண்டு போனால் ஒரு கூடத்தின் தளம் அளவுக்குப் பெரிய பலகை ஒரே துண்டாகப் பெயர்ந்து வரும்; பிறகு உளியால் கோடு வெட்டி, ஆப்பு அடித்துப் பட்டைகளாக்கிக்கொள்வார்கள். 1895-இல் நேச்சர் அறிவியல் இதழில் இதைக் கண்டவர் ஒருவர் எழுதிய குறிப்பு வந்தது. வெடிமருந்து வைத்தால் கிடைப்பது சில்லும் சிதறலும். நெருப்பு வைத்தவருக்குக் கிடைத்தது பலகை. அந்த வேலையின் நுட்பம் முழுவதும் காதில் இருந்தது. ஓசை மாறுவதற்கு முன் விறகைத் தள்ளினால் பலகை நடுவில் உடையும். பிந்தினால் விறகு வீண்.

இப்படி வந்த பலகைதான் பெங்களூரில் சப்படிக் கல். தோட்டத்துக்கு வேலியாக நட்டார்கள், சாக்கடைக்கு மூடியாகப் போட்டார்கள், மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாக வைத்தார்கள், படிக்கட்டாகச் சுவரில் செருகினார்கள். கல்லுடைப்பதைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட போவி சமூகத்தாரும் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலிருந்து வந்த கல்தச்சர்களும் இதில் தேர்ந்தவர்கள். அடித்தளத்துக்கு வைக்கும் சதுரக் கல்லுக்கு இன்றும் சைட்டில் சைஸ் கல் என்றே பெயர். பழைய வீட்டை இடிக்கும்போது கதவு, சன்னலுக்கு அடுத்தபடி விலை போவது இந்தக் கற்கள்தான்.

கோயில் கட்டுமானத்தில் இந்தக் கல்லின் வலிமையும் வரம்பும் இரண்டுமே தெரியும். கருங்கல் அழுத்தத்தை எவ்வளவு தாங்குமோ அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே இழுவிசையைத் தாங்கும். ஆகவே தூண் பிரச்சினையில்லை, உத்திரம்தான் கவலை. இரண்டு தூண்களுக்கு இடையே நீளம் கூடினால் உத்திரத்தின் அடிப்பகுதி விரிந்து முறியும். அதற்காகத் தூண் தலையில் இருபுறமும் நீட்டிய போதிகையை வைத்தார்கள். போதிகை அலங்காரத்துக்கு மட்டும் உள்ளது என்று நினைப்பவர்கள் உண்டு. உத்திரம் கடக்க வேண்டிய தூரத்தைக் குறைப்பதே அதன் முதல் வேலை. மண்டபத்துத் தூண்கள் நெருக்கமாக நிற்பதற்கும் காரணம் அதுவே. கல்லுக்குக் கல் காரை கிடையாது. அடித்தளமான அதிட்டானத்தின் ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று ஒவ்வொரு வரியும் தன் எடையால் கீழ்வரியை அழுத்தி நிற்கிறது. இந்த அமைப்பில் நீர் புகுந்தாலும் வழிந்து வெளியேற வழி இருக்கும். பின்னாளில் யாராவது இணைப்புகளை சிமென்ட்டால் அடைத்தால் அந்த வழி அடைபடும். உள்ளே தங்கும் ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு கல்லின் முகத்துக்கு வந்து, காய்ந்து, மேல்தோலைச் செதில் செதிலாகத் தள்ளும். கல்வெட்டு இருப்பது அந்த மேல்தோலில்தான்.

கல்லுக்கு அடுத்தது சுண்ணாம்பு. கோயிலை விட்டு வீடு, அலுவலகம், பங்களா என்று வந்தால் பெங்களூரின் பழைய கட்டடங்களில் பெரும்பாலானவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது சுண்ணாம்புக் காரை. கடற்கரையில் கிளிஞ்சல் சுண்ணாம்பு. உள்நாட்டில் சுக்கான் கல்லைச் சூளையில் சுட்டு எடுத்த சுண்ணாம்பு. சுட்ட கல்லை நீரில் இட்டு நீற்றி, பல நாள் ஊறவைத்து, மணலோ செங்கல் தூளோ சேர்த்து, மாடு இழுக்கும் கல் உருளையால் வட்டப் பள்ளத்தில் அரைப்பார்கள். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் அதில் சேரும். அரைப்பது குறைந்தால் சுவரில் பூசிய பிறகு உள்ளே நீறாத கட்டிகள் பருத்துக் கொப்பளம்போல வெடிக்கும். சுண்ணாம்பு இறுகுவது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மீண்டும் கல்லாவதால். அதற்கு நாள் அல்ல, மாதங்கள் ஆகும். சிமென்ட் ஒரு மாதத்தில் தன் வலுவில் பெரும்பங்கைப் பெற்றுவிடும். இந்த வேக வேறுபாடுதான் சுண்ணாம்பை வேலைத்தளத்திலிருந்து விரட்டியது; தரத்தில் அது தோற்கவில்லை.

சுண்ணாம்பு வேலையின் உச்சம் மெட்ராஸ் டெரஸ் என்ற தட்டைக் கூரை. கண்டோன்மென்ட் பங்களாக்களிலும் அல்சூர், தொம்மலூர் போன்ற பழைய ஊர்ப்பகுதிகளின் வசதியான வீடுகளிலும் இதைக் காணலாம். சுவரிலிருந்து சுவருக்குத் தேக்கு விட்டம், அதன் மேல் ஏறக்குறைய ஓரடி இடைவெளியில் சரங்கள். சரங்களின் மேல் ஆச்சிக்கல் எனப்படும் ஓரங்குலக் கனச் சிறு செங்கற்களைக் குத்துவாக்கில், மூலைவிட்டமாகச் சுண்ணாம்பில் வரிசை வரிசையாக நிறுத்துவார்கள். கீழே பலகையோ சென்ட்ரிங்கோ கிடையாது. முதல் வரி சுவர் மூலையில் தொடங்கும்; ஒவ்வொரு கல்லும் முந்திய கல்லின் மேல் காரையால் ஒட்டி நிற்கும்; கொத்தனார் பின்னால் நகர்ந்துகொண்டே வருவார். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையை மூன்று அங்குலத்துக்குப் பரப்பி, வரிசையாக உட்கார்ந்த பெண்கள் கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடுக்காய் வெல்ல நீரைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். கட்டை எகிறிக் கணீரென ஒலித்தால்தான் அடி போதும் என்று அர்த்தம். பிறகு தட்டோடு இரண்டு வரி, மேலே மெழுகுபோல இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. நூறு ஆண்டு கடந்தும் ஒழுகாத கூரைகள் உண்டு. அவற்றைக் கட்டிய கைகளின் பெயர் எந்தக் கட்டடத்திலும் பொறிக்கப்படவில்லை. அடித்த பெண்களின் பெயரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்தக் கூரை ஒழுகத் தொடங்குவது பெரும்பாலும் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில். அங்கே ஓர் அரசங்கன்று முளைத்தாலே போதும். சரியான பழுதுபார்ப்பு என்றால் வேரை முழுதாக எடுத்து, அந்த ஓரத்தை மட்டும் வெட்டித் திறந்து, அதே சுண்ணாம்பில் மூலையை உருட்டிப் பூசுவது. நடைமுறையில் நடப்பது வேறு. மேலே இரண்டு அங்குலம் சிமென்ட் கான்கிரீட் போட்டுவிடுகிறார்கள். இரண்டு அங்குலக் கான்கிரீட் ஒரு சதுர அடிக்குச் சுமார் 11 கிலோ. பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி அறைக்கு ஏறக்குறைய இரண்டு டன். இந்தச் சுமையைக் கணக்கிட்டுச் சரங்கள் வைக்கப்படவில்லை. அதோடு, வெயிலில் விரியும் அளவு கான்கிரீட்டுக்கும் சுண்ணாம்புக்கும் வேறு. இரண்டும் பிரிந்து நடுவே நீர் தேங்கும். சரத்தின் முனை சுவருக்குள் இருப்பதால் அது மக்குவது கண்ணுக்குத் தெரியாது. கூரை தொய்ந்த பிறகு, கட்டடம் பழசு, இடித்துவிடலாம் என்ற முடிவு வரும். அந்தக் கட்டடத்தைக் கெடுத்தது வயதல்ல, அதன் பொருள் தெரியாத பழுதுபார்ப்பு என்பதை எழுதிவைப்பார் இல்லை.

மங்களூர் ஓடு வந்ததும் வீட்டின் உருவம் மாறியது. பாசல் மிஷன் 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. அதற்கு ஓராண்டு முன் பெங்களூர் கண்டோன்மென்ட்டை ஜோலார்பேட்டையோடு ரயில் இணைத்தது. மரமும் இரும்பும் ஆளும் சென்னைப் பக்கமிருந்து எளிதாக வரத் தொடங்கின. ஓட்டுக் கூரை, மங்கி டாப் எனப்படும் கூர்முகட்டு மரவேலை, முன்வராந்தா ஆகியவை பெங்களூர் வீட்டின் அடையாளமாயின. ரெட் ஆக்சைடு தரை அதன் பிறகு வந்து சேர்ந்தது.

தொழில் என்ற வகையில் கட்டடக்கலை இங்கே மூன்று வழிகளில் வளர்ந்தது. ஒன்று படை. 1780-இல் தொடங்கிய மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் தலைமையிடம் தொம்மலூருக்கு வடக்கே அல்சூர் ஏரிக்கரையில் அமைந்தது. பாலம், முகாம், நீர்வழி வேலைகளில் பயின்ற தமிழ்க் கொத்தனார்களும் தச்சர்களும் அதைச் சுற்றிக் குடியேறினார்கள். இரண்டாவது பொதுப்பணித் துறை. மூன்றாவது கான்ட்ராக்டர். மூன்றும் ஒரே கட்டடத்தில் சேர்ந்ததற்கு எடுத்துக்காட்டு அட்டாரா கச்சேரி, இன்றைய கர்நாடக உயர்நீதிமன்றம். ரிச்சர்ட் சாங்கி என்ற ராணுவப் பொறியாளரின் திட்டப்படி 1864-இல் தொடங்கி 1868-இல் முடிந்த அதன் கட்டுமான ஒப்பந்தத்தை எடுத்தவர் ஆற்காடு நாராயணசுவாமி முதலியார். அந்த வருவாயிலிருந்து அவர் 1873-இல் கண்டோன்மென்ட் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார், ஆர்.பி.ஏ.என்.எம். கல்வி அறநிலையங்கள் அதிலிருந்து வளர்ந்தவை. கட்டடத்தைப் பற்றி எழுதுபவர்கள் சாங்கியைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். பொருளை வரவழைத்து, ஆளைச் சேர்த்து, கூலி கொடுத்து, நான்கு ஆண்டில் வேலையை முடித்த கான்ட்ராக்டரின் பெயரும் அதே வரியில் இருக்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் அரசுக் கட்டடக் கலைஞர் என்ற பதவி உருவானது. 1939-இல் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராக வந்த ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர், நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறிய யூதர். இந்திய அறிவியல் கழகத்தில் அவர் அமைத்த கட்டடங்கள் வெயில் எங்கே விழுகிறது, காற்று எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்குகின்றன. வெப்பமண்டல வீட்டுக் கட்டுமானம் பற்றி அவர் மற்றவர்களோடு சேர்ந்து 1970-களில் வெளியிட்ட கையேடு இன்றும் இந்தியக் கட்டடக்கலை மாணவர்களின் பாடநூல். சட்டமன்றக் கட்டடமான விதான சௌதாவுக்கு 1951 ஜூலை 13 அன்று ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1956-இல் அது முடிந்தது. முதலமைச்சர் கெங்கல் அனுமந்தய்யாவின் முனைப்பில், பி. ஆர். மாணிக்கத்தின் வடிவமைப்பில் எழுந்த அந்தக் கட்டடத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் உழைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சிறைக் கைதிகள். கல் கொத்துபவர், கொத்தனார், மரச் சிற்பி என்று தேர்ந்த கைவினைஞர்கள் 1,500 பேர். கருங்கல் வேலையில் இந்த வட்டாரம் திரட்டிய கடைசிப் பெரும்படை அதுதான். அதன் பிறகு அரசுக் கட்டடம் என்றால் ஆர்.சி.சி. என்றாகிவிட்டது, கொத்து வேலை தெரிந்தவர்கள் கோயில் திருப்பணிக்கும் கல்லறைக்கும் அம்மி, ஆட்டுக்கல்லுக்கும் திரும்பினார்கள்.

1972-ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டம் தொழிலுக்குப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் அதன் கீழ் அமைந்தது. இந்தச் சட்டம் எதைக் காக்கிறது என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தீர்ப்பளித்தது: ஆர்க்கிடெக்ட் என்ற பெயரைப் பதிவு இல்லாதவர் சூட்டிக்கொள்ளக் கூடாது, ஆனால் அந்தத் தொழிலைச் செய்வதை அச்சட்டம் தடுக்கவில்லை. தெருவில் நடப்பதும் அப்படியே. தொம்மலூர் போன்ற இடங்களில் பெரும்பாலான வீடுகளின் உண்மையான வடிவமைப்பாளர் மேஸ்திரி. வீட்டுக்காரரும் அவரும் மண்ணில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பேசி முடிப்பதுதான் திட்டம். அனுமதிக்கான வரைபடம் தனியே தயாராகும். இதை இழிவாகப் பார்ப்பது தவறு. அந்த மேஸ்திரிக்குத் தெரிந்தது நிறைய. அவர் அறிவு சிமென்ட், கம்பி, சாலிட் பிளாக் ஆகியவற்றைச் சுற்றி அமைந்துவிட்டது என்பதே சிக்கல். சுண்ணாம்பைக் கையாளும் வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை.

தளத்தில் வேலை செய்பவர்களின் நிலை இன்னும் பின்தங்கியது. பெரியாள், சித்தாள், நிமிந்தாள் என்ற அடுக்கு நெடுங்காலம் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைக் குடும்பங்களாலும் வட கர்நாடகத்தவராலும் நிறைந்திருந்தது. இப்போது பிகாரும் வங்காளமும் ஒடிசாவும் அந்த இடத்தை நிரப்புகின்றன. 1996-இல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டங்கள் கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு தீர்வை வசூலித்து நலநிதி சேர்க்க வழி செய்தன. ஆனால் ஊர் விட்டு ஊர் போய்க்கொண்டே இருப்பவர் பதிவு செய்து பயன் பெறுவது கடினம். அதைவிடப் பெரிய இழப்பு கற்றுக்கொள்வதில் இருக்கிறது. சித்தாளாகச் சேர்ந்தவர் கரண்டி பிடித்து, மட்டப்பலகையும் மணியாஸ் கட்டையும் பழகி, கொத்தனாராக உயரப் பல ஆண்டுகள் ஒரே மேஸ்திரியிடம் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு சைட் மாறும் முறையில் அது நடப்பதில்லை.

நகரம் தொம்மலூரைச் சூழ்ந்தது படிப்படியாக. 1940 டிசம்பரில் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலை கிழக்கே தொடங்கியது. விமான நிலையச் சாலை ஊரைத் தொட்டுப் போயிற்று. 1945-இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட் போர்டும் 1976-இல் அதன் இடத்துக்கு வந்த பெங்களூர் வளர்ச்சி ஆணையமும் (பி.டி.ஏ.) சுற்றிலும் லேஅவுட் போட்டன. தொம்மலூர் ஏரி மனையாயிற்று. பக்கத்துச் செல்லகட்டா ஏரி கோல்ஃப் மைதானமாயிற்று. கோயில் கல்வெட்டுகள் ஏரியையும் அதன் கீழ் நிலத்தையும் எடுத்துச் சொல்வது இந்த ஊர் எப்படி வாழ்ந்தது என்பதைக் காட்டுகிறது. ஏரிகள் போனதால் பெங்களூருக்குத் தண்ணீர் மட்டும் குறையவில்லை. செங்கல்லுக்கு வண்டல் கொடுத்ததும் ஏரிதான். மழைநீர் தேங்கி இறங்க இடம் கொடுத்ததும் ஏரிதான்.

லேஅவுட்டுக்குள் முப்பதுக்கு நாற்பது அடி மனைகள். பழைய ஊர்க்குடியிருப்பான கிராமத்தாணாவுக்குள் கோணல்மாணலான சந்துகள். இன்று வேகமாக மாறுவது சந்துகள்தான். முன்வாசல், திண்ணை, ஓட்டுக்கூரை, பின்னால் கிணறு என்று இருந்த ஒரு வீடு ஒரே குடும்பத்துக்கு இடம் தந்தது. அதே இடத்தில் நான்கைந்து மாடி எழுப்பி, ஒவ்வொரு தளத்தையும் வாடகைக்கு விட்டால், அல்லது பி.ஜி. ஆக்கினால், வரும் மாத வருமானம் பழைய வீட்டுக்காரர் கனவிலும் காணாதது. சுற்றிலும் மென்பொருள் அலுவலகங்கள் வந்த பிறகு இந்தக் கணக்கை யாரும் எதிர்த்துப் பேச முடியாது. வீட்டைக் காப்பாற்று என்று உபதேசம் செய்பவர் அதற்கான செலவை யார் கொடுப்பது என்பதையும் சொல்ல வேண்டும். சந்தில் இன்னொரு சிக்கல் உண்டு: பக்கத்து வீடுகள் சுவரைப் பங்கிட்டுக்கொண்டிருப்பதால் ஒன்றை இடித்தால் மற்றதன் சுண்ணாம்புச் சுவர் வெயிலும் மழையும் படத் திறந்துவிடும். மேலும் ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழையதைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே போடுவதால் தெரு உயர்கிறது, வீட்டுப் பீடம் தாழ்கிறது. மழைநீர் வாசற்படி தாண்டுவதும் சுவரின் அடிப்பாகம் எப்போதும் ஈரமாக இருப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

தொம்மலூர் இரண்டாம் கட்டத்தில் நல்ல புதுக் கட்டடங்களும் எழுந்தன. சஞ்சய் மோஹே வடிவமைத்த டெரி நிறுவனத்தின் தென்மண்டல அலுவலகம் தொழிலில் இருப்பவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டியது. மனையின் தெற்கே நாற்றமெடுக்கும் கால்வாய். காற்றும் அந்தப் பக்கமிருந்தே வருகிறது. சன்னல் வைத்தால் நாற்றம், வைக்காவிட்டால் புழுக்கம். தென்சுவரை மூடி, அதை இரட்டைச் சுவராக்கி, வெளியே கறுப்புக் கடப்பைக் கல்லைப் பதித்தார்கள். வெயிலில் கல் சூடேறி, இடைவெளியிலுள்ள காற்று மேலெழும்பி வெளியேறும்போது, வடக்கே திறந்த பக்கத்திலிருந்து நல்ல காற்று அறைகள் வழியே இழுக்கப்படுகிறது. ஒரு குறையை வேலைக்காரனாக மாற்றிய வடிவமைப்பு இது. அதன் அருகே ஹண்ட்ரட்ஹேண்ட்ஸ் நிறுவனம் வடிவமைத்த பெங்களூர் இன்டர்நேஷனல் சென்டர் 2019-இல் திறந்தது. அறிவியல் கழகத்தில் 1974-இல் தொடங்கிய அஸ்ட்ரா மையம் மண்ணோடு சிறிது சிமென்ட் சேர்த்து அழுத்திய மண் கட்டிகளை ஆராய்ந்து பரப்பியதும் இங்கே குறிப்பிடத்தக்கது. சூளையில் சுடாத அந்தக் கட்டிகளால் கட்டிய வீடுகள் பெங்களூரில் நிறைய.

பழையதைக் காக்கும் சட்டங்கள் பல அடுக்காக உள்ளன. 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் அதன் 2010 திருத்தமும் தேசிய முக்கியத்துவம் பெற்ற சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டுமானத்தைத் தடுத்து, அடுத்த 200 மீட்டரைக் கட்டுப்பாட்டில் வைக்கின்றன. கர்நாடகத்தின் 1961-ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலம் அறிவித்த சின்னங்களுக்கு உரியது. இரண்டும் தனித்தனிச் சின்னத்தைப் பார்ப்பவை. ஒரு தெருவை, ஓர் ஊர்ப்பகுதியைப் பார்க்க அவை போதா. மும்பை 1995-இலேயே நகர மரபுக் கட்டடங்களுக்கான ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தது. சென்னையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டட வழக்கில் 2010-இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012-இல் தமிழ்நாடு மரபுரிமை ஆணையச் சட்டம் வந்தது. பெங்களூரில் 1976-இல் நகர்ப்புறக் கலை ஆணையம் அமைந்து 2001-இல் கலைக்கப்பட்டது. அட்டாரா கச்சேரியை இடிக்கும் திட்டம் 1980-களில் எழுந்தபோது அது தப்பியதற்குக் குடிமக்களின் எதிர்ப்பே காரணம். 1984-இல் தொடங்கிய இன்டாக் அமைப்பின் பெங்களூர்க் கிளை பட்டியல் எடுப்பதிலும் எடுத்துச் சொல்வதிலும் தொடர்ந்து உழைக்கிறது. ஆனால் பட்டியலில் சேர்ந்த கட்டடத்துக்கும் பழுதுபார்க்க ஆள் வேண்டும். குறைந்த விலைப்புள்ளி கொடுத்தவருக்கே வேலை என்ற முறையும், நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழிக்க வேண்டும் என்ற அவசரமும் இருக்கும் வரை, மாதக்கணக்கில் ஊறி, அரைத்து, காய வேண்டிய சுண்ணாம்புக்கு ஒப்பந்தத்தில் இடம் கிடைக்காது. மரபுக் கட்டட வேலைக்குத் தனி ஒப்பந்த முறையும், கைத்திறனைச் சோதித்து ஆள் எடுக்கும் வழியும், சுண்ணாம்புப் பூச்சு காய்வதற்கான காலமும் எழுத்தில் வர வேண்டும்.

கற்கோயில்களில் திருப்பணி தரும் ஆபத்து வேறு வகை. அழுக்குப் போக்க மணலை அழுத்தத்தோடு பீய்ச்சியடிப்பதால் எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும். தமிழ்நாட்டிலும் பல கோயில்களில் இப்படிக் கல்வெட்டுகள் கெட்டிருக்கின்றன. அதிட்டானத்தின் மேல் எனாமல் பெயின்ட், தரையை உயர்த்திப் பதித்த பளபளப்புக் கிரானைட், சுவரோடு ஒட்டிய டைல்ஸ் ஆகியவை எழுத்தை மறைக்கும், ஈரத்தை அடைக்கும். மெல்லிய தூரிகையும் நீரும் பொறுமையுமே பெரும்பாலும் போதும். பிடிவாதமான எண்ணெய்ப் பிசுக்குக்குக் களிமண் பற்றுப் போட்டு உறிஞ்சி எடுக்கலாம்.

வேலை தொடங்கும் முன் பதிவு எடுப்பது முதல் விதி. பழைய முறை மைப்படி: ஈரத் தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் அடித்துப் பள்ளத்தில் படியவைத்து, மேலே மை ஒற்றுவது. தேய்ந்த எழுத்தில் இது தடுமாறும். பெங்களூரில் 1909-இல் தொடங்கிய மிதிக் சொசைட்டி 2021 முதல் நகரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த கல்வெட்டுகளை முப்பரிமாண ஸ்கேனரால் பதிவு செய்துவருகிறது. கல்லின் முகத்தை மில்லிமீட்டருக்கும் குறைவான நுணுக்கத்தில் பதிவதால், கண்ணுக்கும் மைப்படிக்கும் எட்டாத கீறலைத் திரையில் பக்கவாட்டு வெளிச்சம் பாய்ச்சிப் படிக்க முடிகிறது. ரைஸ் பதிப்பித்த வாசகங்களை மீண்டும் சரிபார்க்கவும், அவர் பார்க்காத கற்களைச் சேர்க்கவும் இது உதவுகிறது. கட்டடத் தொழிலுக்கு இதனால் கூடுதலாக ஒரு பயன் உண்டு: பழுதுபார்ப்புக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு பதிவுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால், அந்த வேலையில் கல் எங்கே, எவ்வளவு தேய்ந்தது என்பதைப் புள்ளி புள்ளியாக அளக்கலாம். ஒப்பந்தத்தில் இந்த அளவீட்டையும் ஒரு நிபந்தனையாகச் சேர்த்தால், திருப்பணி முடிந்து பணம் கொடுக்கும் முன் கல்லின் நிலையைச் சரிபார்க்க முடியும்.